வடையும் ரோல்ஸும் வைத்து விருப்பு வாக்கைப் புரியவைப்பது எப்படி

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தேர்தல் கடமைக்கும் பல தடவை போயிருக்கிறேன். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் விருப்பு வாக்கு பற்றி நான் எடுத்த வகுப்பைப் பக்கத்து ஊர்ப் பொடியள் தங்களுக்கும் கேட்கிறார்கள். எல்லா இடமும் போக முழங்கால் விடாது; அதுதான் எழுதுகிறேன்.

முதலில் கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போடுங்கள். இலங்கையில் 1982 முதல் 2019 வரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்களும் முதல் எண்ணிக்கையிலேயே முடிந்தன. 2024 செப்டெம்பரில்தான் முதல் தடவையாக ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அநுர குமார திசாநாயக்க 56,34,915. சஜித் பிரேமதாச 43,63,035. மற்ற 36 பேருக்கும் விழுந்தவை 33,21,666. ஒருவரும் பாதி தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் வெளியே; அவர்களுக்கு விழுந்த சீட்டில் 2 அல்லது 3 என்று அந்த இருவரில் ஒருவருக்கு எழுதியிருந்தால் அந்த வாக்கு அவருக்குப் போகும். அப்படி அந்தச் சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பைப் பார்த்தபோது முதல் இருவருக்கும் சேர்த்துப் போனவை 2,73,131 மட்டுமே. மீதி முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில் 2, 3 எழுதப்படவில்லை, அல்லது அவையும் வெளியேறியவர்களுக்கே எழுதப்பட்டிருந்தன. யார் வென்றார் என்பது என் கவலை இல்லை. ஆனால் அந்தச் சீட்டுக் கட்டைப் பார்த்தால் எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் வயிறு எரியும்.

இனிச் செய்முறை. கொப்பித் தாளைச் சீட்டாகக் கிழித்து ரோல்ஸ், வடை, கொழுக்கட்டை, சூசியம், மோதகம் என்று ஐந்து பெயர் எழுதுங்கள். எல்லோரையும் 1, 2, 3 போடச் சொல்லுங்கள். விளக்கம் அதிகம் வேண்டாம்; பிழை விடட்டும்.

எங்களிடம் 21 சீட்டு வந்தன. ஒரு பெரியம்மா இரண்டு பெயருக்கு 1 போட்டிருந்தா. நிராகரிப்பு. மிச்சம் 20: ரோல்ஸ் 8, வடை 6, கொழுக்கட்டை 3, சூசியம் 2, மோதகம் 1. பாதி தாண்டியது ஒன்றுமில்லை. ரோல்ஸையும் வடையையும் மேசையில் வைத்துவிட்டு மற்ற ஆறு சீட்டையும் ஒவ்வொன்றாக உரத்து வாசியுங்கள். ஒன்றில் 2 ரோல்ஸ். இன்னொன்றில் 1 சூசியம், 2 மோதகம், 3 வடை. மோதகமும் வெளியே என்பதால் அது வடைக்குப் போனது. மற்ற நான்கிலும் ஒரு புள்ளடி (X) மட்டும்தான். ரோல்ஸ் 9, வடை 7.

இப்போது அந்த நாலு பேரையும் எழுப்பி, இருக்கிற இரண்டில் எது வேண்டுமென்று கேளுங்கள். எங்களிடம் நாலு பேரும் வடை என்றார்கள். 11க்கு 9! "அப்ப ஏன் வாத்தியார் முதலே சொல்லேல்லை?" என்று சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டை வந்தால் வகுப்பு சரி.

சீட்டில் புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். 1, 2, 3 என்று எழுதுவதே நல்லது. 38 பேர் நிற்கிற சீட்டில் மூன்று விருப்பு போதாது, சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் இருக்கிற மூன்றையே எழுதாதவர்களுக்கு ஏழெட்டைக் கொடுத்து என்ன செய்வது?

தேநீர் கொடுத்த பிறகு காசுக் கதைக்கு வாருங்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் செலவுக்கு எல்லை போட்டது. 2024இல் அந்த எல்லை ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. பதிவான வாக்காளர் 1,71,40,354 பேர்; பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு ஏறத்தாழ 187 கோடி. இது ஒருவர் மனதிலும் நிற்காது. வீட்டுக் கணக்காகச் சொல்லுங்கள்: நாலு வாக்குள்ள வீட்டுக்கு 436 ரூபா. 38 பேரும் முழுசாகச் செலவழித்தால் 16,568 ரூபா. மாமிமார் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முடிவு வந்து 21 நாளுக்குள் வேட்பாளர் செலவறிக்கை கொடுக்க வேண்டும். அதில் எழுதியிருப்பது சரியா என்று பார்க்க உங்களிடமும் ஒரு கணக்கு வேண்டும். அதற்கு இரண்டு இளம் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள்: மேடை, ஒலிபெருக்கி, ஆள் ஏற்றிய பஸ், முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரம், திகதியோடும் படத்தோடும். முகப்புத்தக அரசியல் விளம்பரங்களுக்கு மெட்டாவின் விளம்பர நூலகம் இருக்கிறது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத் தொலைபேசியிலேயே பார்க்கலாம்.

ஒருவர் எவ்வளவு நன்கொடை கொடுக்கலாம் என்பதற்கு அந்தச் சட்டத்தில் உச்ச எல்லை இல்லை. திருத்தம் கேட்டு மனு எழுதுவதென்றால் நான் முதல் வரியாக அதைத்தான் எழுதுவேன்.

வடை, ரோல்ஸை எண்ணி முடிக்கும்வரை மூடி வையுங்கள். எங்கள் வகுப்பில் எண்ணிக்கைக்கு முன்பே மூன்று ரோல்ஸைக் காணவில்லை.