பூங்கா மைதானத்துக்கு விளக்கு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதுப் பூங்காவில் உள்ள மைதானத்துக்கு விளக்கு வேண்டும் என்று பேச்சு எழுந்ததுமே வரும் முதல் கேள்வி, "எத்தனை வாட் போடலாம்?" என்பதுதான். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. தரையில் விழும் வெளிச்சத்தை லக்ஸில்தான் சொல்ல முடியும். மைதானத்துக்குள் எத்தனை லக்ஸ் என்று கேட்கிறவர்கள்கூட, சுற்றுச்சுவருக்கு வெளியே எத்தனை லக்ஸ் விழும் என்று கேட்பதில்லை. பூங்கா ஒன்றும் ஸ்டேடியம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய படுக்கையறை ஜன்னல் இருக்கிறது. விளக்குத் திட்டத்தின் தரம் அந்த ஜன்னலில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

டிவியில் பார்க்கும் வெளிச்சத்தைக் கேட்பது

டிவியில் நாம் பார்க்கும் போட்டிகளின் வெளிச்சம் கேமராவுக்காகப் போடப்படுவது. மாலையில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. விளையாட்டு விளக்குகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12193, கால்பந்து மைதானங்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. பயிற்சிக்கும் பொழுதுபோக்கு ஆட்டத்துக்கும் சராசரி 75 லக்ஸ், உள்ளூர் அளவிலான போட்டிக்கு 200, உயர்மட்டப் போட்டிக்கு 500. அதாவது வாரம் முழுக்கப் பயிற்சி மட்டுமே நடக்கும் இடத்தில் 500 லக்ஸ் போட்டால், தேவையைப் போல ஆறேழு மடங்கு வெளிச்சத்துக்குக் காசு கொடுக்கிறோம். அந்த உபரி வெளிச்சம் புல்லில் பட்டுத் தெறித்து அக்கம்பக்கத்துக்கும் வானத்துக்கும்தான் போகும்.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே அளவும் பொருந்தாது. டென்னிஸ், கிரிக்கெட் போன்றவற்றில் பந்து சிறியது, வேகமும் அதிகம். அதே தரம் டென்னிஸுக்குக் கடைசி வகுப்பிலேயே 200 லக்ஸ் கேட்கிறது. ஆகவே யார், எந்த ஆட்டத்தை, எந்த மட்டத்தில் ஆடப்போகிறார்கள் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் போட்டி நடக்கும் என்றால், விளக்கை 200 லக்ஸுக்கு அமைத்துவிட்டு மற்ற நாட்களில் மங்கலாக்கி ஓட்டலாம். எல்இடியில் இது எளிது.

சராசரியை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. கம்பத்தடியில் கொட்டும் வெளிச்சமும் நடு மைதானத்தின் இருட்டும் சேர்ந்துகூட நல்ல சராசரி கொடுத்துவிடும். அதனால்தான் குறைந்தபட்ச அளவு சராசரியில் எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்றும் தரம் சொல்கிறது. 200 லக்ஸ் வகுப்பில் அந்தப் பங்கு 0.6, அதாவது எந்த மூலையிலும் 120 லக்ஸுக்குக் குறையக்கூடாது. வெளிச்சம் குறைவாக இருந்தாலும் சீராக இருந்தால் கண் பழகிக்கொள்ளும். திட்டுத்திட்டாக இருந்தால் பந்து இருட்டுக்குள் போய் மறையும்.

கம்பம் குட்டையாக இருந்தால் தொந்தரவு குறையும் என்று நினைப்பது

அக்கம்பக்கத்தார் கூட்டத்தில் தவறாமல் எழும் கோரிக்கை இது. "அவ்வளவு உயரக் கம்பம் வேண்டாம், கொஞ்சம் குறையுங்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நடப்பது நேர்மாறு.

60 மீட்டர் அகலமான மைதானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கக்கோட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளிக் கம்பம் நிற்கிறது. நடுக்கோடு அங்கிருந்து 35 மீட்டர். மைதானத்தின் நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் விளக்கு கிடைமட்டத்திலிருந்து 25 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் தெரிய வேண்டும் என்பது கால்பந்து விளக்கு வடிவமைப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. கணக்குப் போட்டால் கம்பம் 16 மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. அதையே 10 மீட்டராகக் குறைத்தால் கோணம் 16 டிகிரிக்கு இறங்கிவிடும். அவ்வளவு தாழ்வான இடத்திலிருந்து நடு மைதானத்தை எட்ட வேண்டுமானால், விளக்கின் முகத்தை மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கினால் ஆட்டக்காரரின் கண் கூசும். ஒளி மைதானத்தைத் தாண்டி எதிர்வரிசை வீடுகளின் மாடிக்கும் போகும். உயரமான கம்பத்திலிருந்து செங்குத்தாகக் கீழே பார்க்கும் விளக்கு பகலில் கண்ணுக்கு உறுத்தலாம், ஆனால் இரவில் அது அடக்கமாக இருக்கும். இதை வாயால் விளக்குவதைவிடப் பக்கவாட்டுப் படம் ஒன்று வரைந்து காட்டினால் கூட்டம் சட்டென்று புரிந்துகொள்ளும்.

கம்பம் நிற்கும் இடமும் முக்கியம். கால்பந்தில் கோல்கோட்டின் நேரில், மூலையை ஒட்டி விளக்கு வந்தால் கார்னர் பந்து வரும்போது கோல்கீப்பர் விளக்கைத்தான் பார்ப்பார். டென்னிஸில் பேஸ்லைனுக்குப் பின்னால் வேண்டாம், கிரிக்கெட்டில் பந்து வீசுபவரின் கைக்குப் பின்னால் வேண்டாம், வாலிபாலில் தலைக்கு நேர் மேலே வேண்டவே வேண்டாம்.

சிதறும் ஒளியையும் கண்கூச்சத்தையும் ஒன்றாக எண்ணுவது

ஜன்னலில் லக்ஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் அளவு மிகக் குறைவாக இருக்கும். "பாருங்கள், ஒன்றுமே இல்லை" என்பார் ஒப்பந்ததாரர். ஆனாலும் அந்த வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். விழும் வெளிச்சம் குறைவாக இருந்தாலும், இருட்டுப் பின்னணியில் விளக்கின் பளீர் முகம் நேராகத் தெரிந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். இதனால்தான் சர்வதேச ஒளியூட்டல் ஆணையமான சிஐஇ, 2017இல் வெளியிட்ட தன் 150ஆம் வழிகாட்டியில் இரண்டுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. ஜன்னலில் விழும் வெளிச்சத்துக்கு லக்ஸ், விளக்கு அந்தத் திசையில் வீசும் ஒளிச்செறிவுக்குக் கேண்டெலா. புறநகர் போன்ற நடுத்தர வெளிச்சப் பகுதிக்கு இரவில் விளக்குக்குக் கட்டுப்பாடு தொடங்கும் நேரத்துக்கு முன் 10 லக்ஸ், அதற்குப் பின் 2 லக்ஸ். இன்னும் இருட்டான கிராமப்புறப் பகுதிக்கு முறையே 5, 1. உள்ளூர் விதி வேறு எண்களைச் சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். எண் எதுவானாலும், எல்லைச் சுவரிலும் அருகிலுள்ள ஜன்னல்களிலும் செங்குத்துப் பரப்பில் விழும் வெளிச்சத்தின் கணக்கு வடிவமைப்பிலேயே இருக்க வேண்டும். கணினியில் வரைந்த அழகான படங்களை நம்பி ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள்.

மரங்கள் மறைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதும் உண்டு. இலை உதிரும் மரம் ஆண்டில் சில மாதம் எதையும் மறைக்காது. உள்பக்க மரங்களோ வளர்ந்து விளக்கையே மறைக்கும், பிறகு கிளையை வெட்டச் சொல்வார்கள். மறைப்பு, விளக்கிலேயே பொருத்தும் தகடாக இருக்கட்டும்.

பழைய கம்பத்தில் புது எல்இடியை மாட்டிவிடுவது

செலவு குறையும் என்று பலர் போகும் வழி. பழைய மெட்டல் ஹாலைடு விளக்கின் கோணத்திலேயே எல்இடியைப் பூட்டினால் ஒளி பரவும் விதமே மாறிவிடும். சிறிய பரப்பிலிருந்து வெளிச்சம் பீறிடுவதால் கண்கூச்சமும் கூடலாம். புது விளக்கின் எடையும், மறைப்புத் தகடு வாங்கும் காற்றும் கம்பத்துக்குப் புதுச் சுமை. துருப்பிடித்த அடிப்பாகம் அதைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தாக வேண்டும்.

எல்இடியில் மறுக்க முடியாத வசதி ஒன்று உண்டு. பழைய விளக்கை அணைத்தால் மறுபடி முழுதாக எரிய 10, 15 நிமிடம் பிடிக்கும், அதற்குப் பயந்தே ஆளில்லாத மைதானத்தில் எரிய விட்டிருப்பார்கள். எல்இடி தட்டியவுடன் எரியும். அந்தச் சாக்கு இனி செல்லாது.

நிறத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் கூடக் கூட வெளிச்சத்தில் நீலம் கூடும். நம் உடலின் இரவு-பகல் கடிகாரத்தை அதிகம் அசைப்பதும், பூச்சிகளை அதிகம் இழுப்பதும் அந்த நீலம்தான். இரவு வானத்தை ஒளி மாசிலிருந்து காக்கப் பாடுபடும் டார்க்ஸ்கை அமைப்பு வெளிப்புற விளக்குகளுக்கு 3000 கெல்வினுக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது. மைதான விளக்குகளோ பெரும்பாலும் 5000ஐ ஒட்டியே விற்கப்படுகின்றன. பயிற்சி மைதானத்துக்கு 4000 அல்லது அதற்குக் கீழ் கிடைக்குமா என்று டெண்டரிலேயே கேட்டுவிடுவது நல்லது. பக்கத்தில் ஏரியோ, வௌவால் தங்கும் மரங்களோ, ஆமை முட்டையிடும் கடற்கரையோ இருந்தால், நிறத்துக்கு முன் அங்கே விளக்கு வேண்டுமா என்பதையே கேட்க வேண்டும்.

அணைக்கும் நேரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். விளக்கு வந்தால் கூடவே விசில் சத்தம், கத்தல், வண்டிகள், கேட்டருகே நின்று பேசும் கூட்டம் எல்லாம் இரவுக்குள் நீளும். "விளக்கு கண்ணைக் குத்துகிறது" என்று வரும் புகாரைத் தோண்டினால், ஒன்பதரை மணிக்கும் ஓயாத சத்தம்தான் பல நேரம் வெளியே வரும். அதற்கு எந்த மறைப்புத் தகடும் உதவாது. எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு அணையும், போட்டி நாளில் எவ்வளவு நீளலாம், ஆண்டில் அப்படி எத்தனை நாள் என்பதையெல்லாம் கம்பம் நடுவதற்கு முன்பே எழுத்தில் வைக்க வேண்டும்.

சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு இருக்கக்கூடாது. இன்னும் அஞ்சு நிமிஷம் என்று ஆட்டக்காரர்கள் கெஞ்சினால் அவர் என்ன செய்வார், பாவம். டைமர் தானாக அணைக்கட்டும். ஆனால் ஒரேயடியாக இருட்டாக்காமல், முதலில் மங்கலாக்கி, பையை எடுத்துக்கொண்டு கிளம்ப நேரம் கொடுத்து, அப்புறம் அணைய வேண்டும். வெளியேறும் பாதையின் விளக்கும் வண்டி நிறுத்துமிட விளக்கும் தனி இணைப்பில் இருந்தால்தான் கடைசி ஆள் போகும்வரை அவை எரியும். அரை மைதானத்தில் பத்துப் பிள்ளைகள் மட்டும் ஆடும்போது மறுபாதியை அணைத்து வைக்கவும் தனித்தனி இணைப்பு வேண்டும். குழி தோண்டிக் கேபிள் போடும்போதே இதைச் செய்துவிட்டால் செலவு அதிகம் ஆகாது. பிறகு செய்வதென்றால் புல்தரையை மறுபடி கிளற வேண்டியிருக்கும்.

பகலில் வேலையை ஒப்புக்கொள்வது

கம்பம் நிமிர்ந்து நிற்கிறது, விளக்கு எரிகிறது, கையெழுத்து போட்டாயிற்று என்று முடித்துவிடக்கூடாது. இரவில், மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு புள்ளியிலும் லக்ஸ் அளக்க வேண்டும். எல்லைச் சுவரில் விளக்கு எரியும்போது ஒரு முறை, அணைந்தபின் ஒரு முறை அளந்தால்தான் தெருவிளக்கின் பங்கைக் கழிக்க முடியும். அருகிலுள்ள சில வீட்டார் சம்மதித்தால் அவர்கள் ஜன்னலிலிருந்தும் பாருங்கள். கோணம் இரண்டு மூன்று டிகிரி பிசகியிருந்தாலே தொலைவில் அது பெரிய வித்தியாசம். தூக்கி வண்டி மைதானத்தில் நிற்கும்போதே திருத்திவிடலாம். அதனால் கடைசித் தவணைப் பணத்தை இந்த இரவுச் சோதனை முடிந்தபிறகே கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காற்றிலோ பராமரிப்பு வேலையிலோ விளக்கு திரும்பிவிட்டால் யாரை அழைப்பது என்று ஒரு தொலைபேசி எண்ணும் பூங்கா வாசலில் இருக்கட்டும்.