காளானின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் கொல்லையில் இருந்த பெரிய மாமரம் 2020 நவம்பரில், நிவர் புயலின்போது சாய்ந்தது. கிளைகள் அடுப்புக்குப் போயின. அடிமரத்தை அறுக்க ஆள் கேட்ட கூலியைக் கேட்டு வீட்டுக்காரர் அதை அப்படியே விட்டுவிட்டார். அந்தக் கட்டையில்தான் நான் மரக்காளான்களைப் பழகினேன்.

முதலில் நிறத்தை வைத்துப் பெயர் தேடி ஏமாந்தேன். காலையில் மழையில் பழுப்பாக இருந்தது மாலை வெயிலில் வெளுத்துவிடும். அதனால் முதல் வேலை, அடிப்பக்கத்தைப் பார்ப்பது. படுத்துப் பார்க்க வேண்டாம், ஒரு சின்னக் கண்ணாடியை அடியில் நீட்டினால் போதும். அங்கே மடிப்புகளா, ஊசி குத்தியது போன்ற துளைகளா, வெறும் வழவழப்பா என்று பாருங்கள். பாதி வேலை முடிந்தது.

மடிப்பு என்றால் எங்கள் ஊரில் அதிகம் கண்ணில் படுவது ஸ்கிசோஃபில்லம். ஒரு ரூபாய் நாணய அளவு விசிறி, மேலே சாம்பல் வெள்ளையில் பூனைமயிர். அடியில் ஒவ்வொரு மடிப்பும் விளிம்பில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வேறு எதிலும் இப்படிப் பார்க்க முடியாது. காய்ந்தால் அந்தப் பிளவுகள் வெளிப்பக்கமாகச் சுருண்டு மூடிக்கொள்ளும். சித்திரை வெயிலில் எடுத்த ஒன்றைச் செத்துப்போனது என்று நினைத்துத் தீப்பெட்டியில் போட்டு மறந்துவிட்டேன். பல வாரம் கழித்து ஈரத்துணியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சுருள் பிரிந்து விரிந்துகொண்டது!

வழவழப்பு, தொட்டால் காதுமடல் போல, பழுப்பு நிறம் என்றால் ஆரிகுலேரியா. காய்ந்தால் கருத்து, தோல் செருப்புத் துண்டு மாதிரி ஆகிவிடும்.

துளைக்காரர்கள்தான் அதிகம். துளை பெரிதாக, தேனடை போல அறுகோணமாக இருந்தால் ஹெக்சகோனியா. மெல்லிய தட்டு, மேலும் கீழும் செக்கச்செவேலென்ற ஆரஞ்சு என்றால் பிக்னோபோரஸ் (நிறத்தை நம்பாதே என்றேன், இதற்கு மட்டும் விலக்கு). மேலே வார்னிஷ் அடித்தது போல் செம்பழுப்பாகப் பளபளத்து, அடியில் வெள்ளையாக இருந்தால் கானோடெர்மா. வெள்ளையை நகத்தால் கீறுங்கள், பழுப்புக் கோடு விழும். சுற்றிலும் கோகோ தூள் கொட்டியது போல் இருப்பது அதன் வித்துத்தூள். இதைத் தென்னை அடியில் கண்டால் ரசித்துக்கொண்டு நிற்காதீர்கள். தஞ்சாவூர் வாடல் நோய் இந்த இனத்தால்தான் வருகிறது.

கரி உருண்டை போல் கறுப்பாக, கெட்டியாக இருப்பதைக் கத்தியால் பிளந்து பாருங்கள். உள்ளே வளையம் வளையமாக இருந்தால் டால்டினியா.

அப்புறம் கட்டையையும் பாருங்கள். வெளுத்து நார் நாராகப் பிரிந்தால் பூஞ்சை, மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னினையும் தின்கிறது என்று அர்த்தம். செங்கல் துண்டு போல் பழுப்பாகக் கட்டம் கட்டமாக வெடித்தால் மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸ் போய் லிக்னின் மட்டும் மிஞ்சியிருக்கிறது. என்ன மரம் என்பதையும் எழுதிவையுங்கள், மா, புளி, வாகை என்று. படத்தைவிட அது பெரிய துப்பு.

குடை வடிவில் இருந்தால் காம்பை வெட்டிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்புக் காகிதத்தில் மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து டம்ளரால் மூடுங்கள். காலையில் வித்துத்தூளின் நிறம் தெரியும்.

கட்டையைப் புரட்டும்போது அடியில் கையை விடாதீர்கள். கம்பால், உங்கள் பக்கமாக இழுத்துத் தூக்குங்கள். அடியில் தேள் இருந்தால் அது எதிர்ப்பக்கம் ஓடும். எனக்கு இரண்டு முறை ஓடியிருக்கிறது.

பக்கத்துக் கொல்லைத் தம்பி எப்போதும் கேட்பான்: “இன்னாக்கா, இத்த கொழம்பு வெக்கலாமா?” ஆடு மேய்ந்தது, புழு அரித்தது, அதனால் நல்ல காளான் என்பதெல்லாம் கணக்கில்லை. வேகவைத்தாலும் விஷம் போகாத காளான்கள் இருக்கின்றன. கொழம்புக்குக் கடையில் வாங்கிக்கோ என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.