காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர் வேலைக்கு: எந்த அனுமதி உங்களுக்கு உரியது?

கொண்டுவிக்கச் (கடல் கடந்து வணிகம் செய்ய) சென்ற நகரத்தார் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பிய சிங்கப்பூருக்கு, இன்றும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஆட்கள் சென்றுகொண்டிருக்கிறார்கள். வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் முதலாளியே, தொழிலாளி தாமாக விண்ணப்பிக்க இயலாது.

உயர்பதவிக்கு உரியது எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2025 ஜனவரி முதல் இதற்குக் குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாதச் சம்பளம் வேண்டும். வயது கூடக்கூட இத்தொகையும் உயரும். இடைநிலைத் திறனாளர்களுக்கு எஸ் பாஸ்.

நம் பக்கத்தவர் பலர் செல்வது ஒர்க் பெர்மிட்டில்தான். கட்டுமானம், கப்பல் பட்டறை ஆகியவற்றோடு, 2023 முதல் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கும் இது கிடைப்பதால், செட்டிநாட்டுச் சமையல் கைவந்தவர்களுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இதில் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது என்பதை வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

விமானம் ஏறுமுன், ஐபிஏ எனப்படும் கொள்கையளவு ஒப்புதல் கடிதத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்கி, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவை முகவர் வாய்மொழியாகச் சொன்னவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று வரிவரியாகச் சரிபாருங்கள். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டும் அவசரத்தில் பலர் தவறவிடுவது இதைத்தான். தொழிலாளருக்காக அரசுக்குச் செலுத்தும் லெவி முழுவதும் முதலாளியின் பொறுப்பு. அதை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சட்டவிரோதம். முகவர் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.