ஹோம் தியேட்டர் ரிசீவரோடு தனி பவர் ஆம்ப் இணைப்பது எப்படி?

பெரிய ஸ்பீக்கர் வாங்கிய பிறகு ரிசீவர் திணறுகிறது என்று தோன்றினால், எல்லோரும் அதிக வாட் உள்ள ஆம்ப் தேடத் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தேடினேன். ஆனால் வாட்டை இருமடங்காக்கினால் கூடுகிற சத்தம் 3 டெசிபல்தான். ரிசீவரும் ஆம்ப்பும் பொருந்துமா என்பதை வோல்ட் கணக்கு போட்டால்தான் தெரியும்.

படி 1: ப்ரீ-அவுட் இருக்கிறதா?

ரிசீவரின் பின்பக்கம் 'ப்ரீ-அவுட்' (ஸ்பீக்கருக்காகப் பெருக்கும் முன்பே ஒலி சிக்னலை வெளியே தரும் இணைப்பு) என்று குறித்த ஆர்சிஏ துளைகள் வேண்டும். சில ரிசீவர்களில் சப்வூஃபருக்கு மட்டும்தான் இருக்கும், அது போதாது. முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர்களுக்காவது தேவை.

படி 2: கெயின் கணக்கு

இதில்தான் பொறுமை வேண்டும். ஆம்ப்பின் விவரக் குறிப்பில் கெயின் என்று ஓர் எண் இருக்கும். 26 டெசிபல் என்றால் உள்ளே வரும் வோல்ட்டை 20 மடங்காக்கும். 29 டெசிபல் என்றால் ஏறக்குறைய 28 மடங்கு.

வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கரின் ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் 200 வாட் வர 40 வோல்ட் தேவை (40 × 40 ÷ 8). 26 டெசிபல் ஆம்ப்புக்கு அதற்கு 2 வோல்ட் கொடுக்க வேண்டும். 29 டெசிபல் ஆம்ப்புக்கு 1.4 வோல்ட் போதும்.

உங்கள் ரிசீவரின் ப்ரீ-அவுட் 1.2 வோல்ட் வரைதான் சுத்தமாகத் தரும் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆம்ப்பில் 24 வோல்ட், அதாவது 72 வாட்தான் வரும். காசு கொடுத்தது 200 வாட்டுக்கு! இரண்டாவதில் 140 வாட்டுக்குக் கொஞ்சம் மேலேயே கிடைக்கும்.

அதற்காகக் கெயின் எவ்வளவு கூடினாலும் நல்லது என்று எண்ண வேண்டாம். ரிசீவரின் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்; அமைதியான காட்சியில் 'உஸ்' என்று கேட்கும்.

படி 3: ஓம் பொருத்தம்

ஆம்ப்பின் உள்ளீட்டு மின்மறுப்பு (ஓமில் சொல்லப்படும் மின் எதிர்ப்பு), ப்ரீ-அவுட்டின் மின்மறுப்பைப்போல் 10 மடங்காவது இருக்கட்டும். பெரும்பாலும் இது தானாகவே சரியாக அமைந்துவிடும். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், ஆம்ப் அதைத் தாங்குமா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

படி 4: இணைப்பு

இரண்டையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ப்ரீ-அவுட்டிலிருந்து ஆம்ப்புக்கு ஆர்சிஏ கேபிள், ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்கு வயர். அந்த ஸ்பீக்கர்களின் பழைய வயரை ரிசீவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். சென்டரும் சரவுண்டும் ரிசீவரிலேயே இருக்கட்டும். பாரம் குறைவதால் அவற்றுக்கும் அதன் பவர் சப்ளை தாராளமாகக் கிடைக்கும்.

போடும்போது முதலில் ரிசீவர், அப்புறம் ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப்தான் முதலில். இரண்டிலும் 12 வோல்ட் டிரிகர் இருந்தால், அந்த ஒரு கேபிள் ஆம்ப்பைத் தானாகவே போட்டு அணைக்கும்.

'ம்ம்' என்ற ஹம் கேட்டால்

ஆம்ப்பை அணைத்து ஆர்சிஏ கேபிளைக் கழற்றிவிட்டு, கேபிள் இல்லாமலே ஆம்ப்பை மறுபடி போட்டுக் கேளுங்கள். ஹம் நின்றால் அது இணைப்பு வழியாக வருகிறது. பெரும்பாலும் எர்த் லூப்தான் (கருவிகளின் எர்த் இணைப்புகள் கேபிள் வழியாக ஒரு வளையமாகிவிடுவது). இரண்டு கருவிக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் கொடுங்கள். ரிசீவரில் செருகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், கேபிள் டிவி வயரிலிருந்து தொடங்கி. எர்த் பின்னை மட்டும் ஒருநாளும் வெட்டாதீர்கள். உயிரைக் காப்பது அதுதான்.

படி 5: மறுபடி அளவீடு

புது ஆம்ப்பின் கெயின் வேறு என்பதால் பழைய அளவுகள் பொருந்தாது. ஒலியளவைக் குறைத்து வைத்து, ரிசீவரின் மைக்கை வழக்கமான இருக்கையில் நிறுத்தி, அறை அளவீட்டை (அந்த மைக்கால் கேட்டு ஸ்பீக்கர்களின் லெவலை ரிசீவரே அமைக்கும் வசதி) முதலிலிருந்து ஓட்டுங்கள். பிறகு முன்பக்க ஸ்பீக்கர்களின் லெவலைப் பாருங்கள். ரிசீவர் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவில் (பல ரிசீவர்களில் -12 டெசிபல்) போய் முட்டி நிற்கிறதா? அப்படியானால் கெயின் கூடுதல். ஆம்ப்பில் லெவல் குமிழ் இருந்தால் கொஞ்சம் குறைத்துவிட்டு, இன்னொரு முறை அளவீட்டை ஓட்டுங்கள்.