பேஸ் கிட்டார்: எங்கே விளையாடலாம், எங்கே அடங்கி வாசிக்க வேண்டும்

மேடையில் பேஸ் வாசிப்பவர் மீது வரும் புகார் இரண்டே வகை. "ஓவரா வாசிக்கிறார்" என்பது ஒன்று, "ஆள் இருக்காரா இல்லையான்னே தெரியலை" என்பது மற்றொன்று. நோட்டுகளின், அதாவது வாசிக்கும் சுரங்களின், எண்ணிக்கையைப் பற்றிய புகார் போலத்தான் கேட்கும். தோண்டிப் பார்த்தால் நோட்டு விழுந்த இடத்திலோ அதன் நீளத்திலோ பிழை இருக்கும்.

அதிகச் சேதம் செய்வது, ஃபில் (இடைவெளியை நிரப்ப வாசிக்கும் சிறு அலங்காரம்) முடியாமல் அடுத்த பாருக்குள் (தாளச் சுற்றுக்குள்) வழிவது. பாரின் முதல் பீட் நமக்குக் கர்நாடகத் தாளத்தின் சமம் மாதிரி. அங்கே டிரம்மரின் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) உங்கள் ரூட் நோட்டும் (கார்டு என்ற சுரக்கூட்டின் ஆதார சுரம்) சேர்ந்து விழாவிட்டால் கார்டு மாறியதே பாடகருக்குப் பிடிபடாது. அதனால் எந்த நோட்டில் போய் விழ வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, ஃபில்லை அங்கிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள். எட்டு பார் பகுதியில் எட்டாவது பாரின் மூன்றாம், நான்காம் பீட்தான் பாதுகாப்பான இடம். 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 பீட்) வேகத்தில் அது 1.2 நொடி. பதினாறாம் நோட்டுகள் (பீட்டுக்கு நான்கு) எட்டு கொள்ளும். நான்கு வாசித்தால் தாராளம்.

பல நேரம் ஃபில்லே வேண்டாம். ஜி கார்டிலிருந்து சி-க்குப் போகும்போது நான்காம் பீட்டில் ஏ கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள கட்டத்தில்) பி, அடுத்த பாரின் முதல் பீட்டில் மூன்றாம் ஃப்ரெட்டில் சி. அந்த அரை சுர நகர்வே வரியைத் தூக்கிவிடும்.

பாடகர் சொல்லை உச்சரிக்கும்போது நகராதீர்கள், மூச்சு வாங்கும் இடத்தில் நகருங்கள். டிரம்மர் டாம் டிரம்களில் ஃபில் எடுக்கும்போது நீங்களும் எடுத்தால் தாளத்தைப் பிடித்திருக்க ஆளில்லை. அவர் ஓடினால் நீங்கள் ரூட்டில் நில்லுங்கள்.

இளையராஜா பாடல்களை வாசிப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அங்கே பேஸ் வரி மெட்டோடு சேர்த்து எழுதப்பட்ட இசை. அதை எளிமையாக்கி ரூட் மட்டும் வாசிப்பதும் பிழை, மேலே சொந்தச் சரக்கைப் போடுவதும் பிழை. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த வரி மனப்பாடம்!

நிறைய வாசித்தும் பாட்டைக் கெடுக்காதவர் என்றால் டெட்ராய்ட்டின் மோடவுன் இசை நிறுவன ஒலிப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் கம்பியை மீட்டியது பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான். அவரை நகலெடுப்பவர்கள் நோட்டுகளை எடுத்துக்கொண்டு, நடுவே அவர் விட்ட மௌனத்தை விட்டுவிடுகிறார்கள்.

மேல் ஃப்ரெட்களுக்கு ஓடுவதும் கவனிக்க வேண்டியது. ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் ஜி சுமார் 49 ஹெர்ட்ஸ். ஜி கம்பியின் பன்னிரண்டாம் ஃப்ரெட் 196. பாட்டு முழு வேகத்தில் இருக்கும்போது அங்கே போனால் அடித்தளம் காலியாகி, மொத்த குழுவும் மெலிந்து கேட்கும். இன்னொன்று: முதல் பீட்டில் ரூட்டுக்குப் பதில் கார்டின் மூன்றாவது சுரத்தை வைத்தால் கார்டு தலைகீழாகிவிடும். சி மேஜருக்குக் கீழே ஈ அழகுதான், ஆனால் கீபோர்டு வாசிப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் இடது கை கீழே சி-யை அழுத்திக்கொண்டிருந்தால் அடியில் இரண்டும் கலந்து குழம்பும்.

இனி எதிர்ப்பக்கம். எளிமை என்று சொல்லிச் சோம்பலாக வாசிப்பவர்கள் அதிகம். ரூட் நோட்டையே வாசித்தாலும் அது எங்கே நிற்கிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஸ்னேர் டிரம் விழும் கணத்தில் நோட்டை நிறுத்திப் பாருங்கள், அதே வரி ஆட வைக்கும். ஏ கம்பிக்கு ஏறும்போது கட்டைவிரலை ஈ கம்பி மேல் சாய்த்து மியூட் செய்யாவிட்டால் அது தானாக அதிர்ந்து எல்லாவற்றையும் சேறாக்கும். எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் நோட்டுகளை இன்னும் குறுக்குங்கள்.

பயிற்சிக்கு, 80 பிபிஎம் பாட்டுக்கு மெட்ரோநோமை 40-ல் வைத்து, கிளிக்கை இரண்டாம், நான்காம் பீட்டாக எண்ணுங்கள். முதல் முறை முழுப்பாட்டும் ரூட் மட்டும். அடுத்த முறை இரண்டே இடங்களில் ஃபில். பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அடிநாதம் வராது, ஏமாந்துவிடுவீர்கள். ஃபில்லுக்குப் பின் வரும் கிளிக்கை நீங்கள் முந்தியிருந்தால், அடுத்த கச்சேரிக்கு அந்த ஃபில் வேண்டாம்.