செம்மண் டிரெயில்ல முதல் தடவை எம்டிபி (மவுண்டன் பைக், கரடுமுரடான பாதைக்கான சைக்கிள்) ஓட்டப் போறீங்களா?

பாண்டி பீச் ரோட்டுல ஓட்டும்போது டயர்ல இருக்குற அதே காத்தோட ஆரோவில் பக்கம் செம்மண் பாதையில இறங்கிடாதீங்க, நான் இறங்குனேன், பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு சரளைக்கல் இறக்கத்துல முன் சக்கரம் வழுக்கி முழங்கை தோலு போச்சு. ரோட்டுல 45, 50 பிஎஸ்ஐ (டயர் காத்தழுத்த அளவு) வச்சிருந்தா மண்ணுக்கு 30 பக்கம் இறக்குங்க, டயர் கொஞ்சம் அமுங்கி மண்ணைப் பிடிக்கும், ஆனா ரொம்ப குறைச்சா கல்லு மேல ஏறும்போது ரிம் இடிச்சு ட்யூப் போயிடும், வெயிட்டான ஆளுங்க 35 கிட்டயே வைங்க.

இறக்கம் வந்தா சீட்ல உக்காந்துட்டு போகாதீங்க. பெடல் ரெண்டும் ஒரே மட்டத்துல, முட்டியை லேசா மடக்கி, பின்பக்கம் சீட்டை விட்டு எழும்பி, சைக்கிள் உங்களுக்குக் கீழ குதிக்கட்டும்னு விட்ருங்க. பிரேக்கை இறக்கத்துக்கு முன்னாடியே பிடிச்சு ஸ்பீடு குறைங்க, எந்த லீவர் முன் பிரேக்னு கிளம்புறதுக்கு முன்னயே பாத்துக்கோங்க (வாடகை சைக்கிள்னா கண்டிப்பா), வளைவுல திடீர்னு அதைப் புடிச்சா வழுக்கும்.

முக்கியமா கண்ணு. பள்ளத்தையே பாத்தா பள்ளத்துக்குள்ளதான் போவீங்க, பத்தடி தள்ளி போகவேண்டிய வழியைப் பாருங்க.

அப்புறம் கருவேல முள்ளு இருக்கே, அது பாவம் புண்ணியம் பாக்காது, ஸ்பேர் ட்யூப், டயர் லீவர் (டயரைக் கழட்டுற நெம்புகோல்), பம்ப் இல்லாம போனா முந்திரித் தோப்பு நடுவுல தள்ளிக்கிட்டு வரணும். ஐப்பசி மழை பேஞ்ச மறுநாள் போகவே வேணாம், செம்மண்ணு சோப்பு மாதிரி ஆயிடும்.