பாஸ்வேர்டு கோப்பை டெலீட் செய்தால் போதுமா? கீபாஸ்எக்ஸ்சி-க்கு மாறும் வழி

வங்கி, ரயில் டிக்கெட், மின்கட்டணம், எப்போதோ வாங்கிய சர்வர் என்று எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே டெக்ஸ்ட் கோப்பில் போட்டு வைத்திருப்பவர்களுக்கான பதிவு இது. நிறுவுவதை விளக்கப் போவதில்லை. கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் மென்பொருளான கீபாஸ்எக்ஸ்சி-யை (KeePassXC) அதன் சொந்தத் தளத்திலிருந்தோ உங்கள் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தோ இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடவே வேண்டாம்.

பிரவுசரே சேமித்து வைக்கிறதே என்பீர்கள். இணையதளங்களுக்கு அது போதும். ஆனால் வைஃபை, சர்வர், பான் கார்டு எண் எல்லாம் ஒரே இடத்தில், என் கணினியிலேயே, யாரிடமும் கணக்குத் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதால் எனக்குக் கீபாஸ்எக்ஸ்சி-தான்.

1. டேட்டாபேஸ் உருவாக்குதல்

கடவுச்சொற்கள் எல்லாம் இருக்கப்போகும் பூட்டிய கோப்புதான் டேட்டாபேஸ். அதற்குப் பெயர் கொடுங்கள். அடுத்து வரும் என்கிரிப்ஷன் (கோப்பைப் பூட்டும் முறை) பக்கத்தில் எதையும் மாற்றாதீர்கள். திறக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும்படி அதுவே அமைத்துக்கொள்ளும். ஒரு பெரிய கணக்கைப் போடுவதால் வரும் அந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது. கோப்பைத் திருடியவன் ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே கணக்கைப் போட்டாக வேண்டும்.

டேட்டாபேஸைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை நீங்களாக யோசிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பகடைப் பொத்தானை அழுத்தி, 'பாஸ்ஃப்ரேஸ்' பகுதியில் 6 சொற்கள் எடுங்கள். 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து அது குருட்டாம்போக்கில் பொறுக்கித் தரும். மனப்பாடமான செய்யுள் வரியை ஆங்கில எழுத்தில் அடித்து வைப்பது வேண்டாம், அது ஊருக்கே தெரிந்த வரி. ஆறு சொற்களையும் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். மறந்தால் மீட்டுத் தர ஆளில்லை.

2. பழைய கோப்பை உள்ளே கொண்டுவருதல்

இருபது முப்பது கணக்குதான் என்றால் கையாலேயே ஏற்றிவிடுங்கள். அதிகம் இருந்தால் தலைப்பு, பயனர் பெயர், கடவுச்சொல், முகவரி என்று காற்புள்ளியிட்டு சிஎஸ்வி கோப்பாக மாற்றி இம்போர்ட் செய்யலாம். கடவுச்சொல்லிலேயே காற்புள்ளி இருந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நெடுவரிசை நகர்ந்துவிடும்.

பின்சேர்க்கை: எக்செல்லில் திறந்து சரிசெய்கிறேன் என்று சிலர் இறங்கியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 0457 என்ற பின் நம்பரை எக்செல் 457 ஆக்கிவிடும். சேமித்த பிறகு அந்தப் பூஜ்யம் திரும்ப வராது. நோட்பேட் போன்ற சாதாரண எடிட்டரே போதும்.

3. எடிட்டர் எடுத்து வைத்த நகல்கள்

என்னை அதிகம் இழுத்தடித்தது இந்த இடம்தான். பழைய கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாயிற்று. சரி, அதைத் திருத்திய எடிட்டர்?

விஎஸ் கோட் எடிட்டர் 2022 முதல் 'லோக்கல் ஹிஸ்டரி' வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு முழு நகல், வேறு ஃபோல்டரில். மூலக் கோப்பை அழித்தாலும் அது அங்கேயே கிடக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி 'லோக்கல் ஹிஸ்டரி: டெலீட் ஆல்' என்று தேடி ஓடவிடுங்கள். மற்ற கோப்புகளின் வரலாறும் சேர்ந்து போகும், பரவாயில்லை.

நோட்பேட்++ சேமிக்காத மாற்றங்களை அவ்வப்போது தன் 'பேக்கப்' ஃபோல்டரில் போட்டு வைக்கும். விண்டோஸ் 11-இன் நோட்பேடும் இப்போது சேமிக்காத டேப்களை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஈமேக்ஸ் எடிட்டர்காரர்கள் பெயரின் கடைசியில் அலைக்குறி (~) உள்ள கோப்பைத் தேடுங்கள்.

நான் விம் எடிட்டர் ஆள். விம் ஒழுங்காக மூடினால், திருத்தும்போது எடுத்து வைக்கும் ஸ்வாப் என்ற தற்காலிகக் கோப்பைத் தானே அழித்துவிடும். நடுவில் கரண்ட் போனால் புள்ளியில் தொடங்கும் மறைகோப்பாக அதே ஃபோல்டரில் தங்கிவிடும். பலருக்குத் தெரியாதது 'விம்இன்ஃபோ'. ஒரு வரியை நகலெடுத்தாலோ வெட்டினாலோ அது ரெஜிஸ்டரில் (நகலெடுத்ததை விம் வைத்துக்கொள்ளும் இடம்) ஏறி, வீட்டு ஃபோல்டரில் உள்ள அந்தக் கோப்பில் வெறும் எழுத்தாகப் பதிவாகும். கடவுச்சொல் இருந்த வரி என்றால் கடவுச்சொல்லும் கூடவே. திறந்து பாருங்கள், ஒருமுறையாவது.

4. மாற்ற வேண்டியதை மாற்றுதல்

எஸ்எஸ்டி-யில் (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மேலெழுதி அழிக்கும் கருவிகளை நம்பாதீர்கள். புது எழுத்து பழைய இடத்திலேயே விழும் என்று உறுதியில்லை. கோப்பு கூகுள் டிரைவில் இருந்திருந்தால் குப்பையிலேயே 30 நாள் இருக்கும். பழைய பதிப்புகளையெல்லாம் வைத்திருக்கும் கிட் (Git) மென்பொருளில் கமிட் செய்து பதிந்திருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் நகல்களைத் துரத்துவதை ஓர் அளவோடு நிறுத்திக்கொண்டு, கடவுச்சொற்களை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் ரீசெட் இணைப்பும் அங்கேதான் வரும். அப்புறம் வங்கி. மீதியை அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது மாற்றினால் போதும்.

ஆண்ட்ராய்டில் அதே டேட்டாபேஸைத் திறக்க கீபாஸ்டிஎக்ஸ் நன்றாக இருக்கிறது. போனிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துத் திருத்த வேண்டாம். இரண்டு பிரதி உருவாகிவிட்டால், கீபாஸ்எக்ஸ்சி-யின் டேட்டாபேஸ் மெனுவில் உள்ள 'மெர்ஜ்' இரண்டையும் ஒன்றாக்கித் தரும்.